வகுப்பில் கோட்டைவிட்ட லத்தீன்: தனியாகப் படித்து ஈடுகட்ட எந்த வழி?

இரண்டு மூன்று வருடம் லத்தீன் வகுப்பில் உட்கார்ந்தாயிற்று. முதல் பெயர்த்திரிபு (வேற்றுமைக்கேற்ப பெயர்ச்சொல்லின் விகுதி மாறும் வகை) அட்டவணை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் புதிதாக ஐந்து வரி லத்தீனைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆசிரியர் பலகையில் எழுதிப்போட்ட மொழிபெயர்ப்பைப் பார்த்தெழுதியே தேர்வுகள் கடந்துபோயிருக்கும். அல்லது ஆசிரியர் மாறி, புத்தகம் பாதியில் நின்றிருக்கும். இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: வீலாக் என்ற இலக்கணப் பாடநூலை வாங்கி முதலிலிருந்து தொடங்குவதா, ஓர்பெர்க்கின் கதைப் பாடநூலா, பள்ளிப் புத்தகத்தையே திரும்பப் படிப்பதா, அல்லது ஒரு டியூஷன் ஆசிரியரைப் பிடிப்பதா?

இதை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் லத்தீனைப் பரப்ப 2021-இல் அறிவிக்கப்பட்ட 40 லட்சம் பவுண்டு திட்டத்தின் நிதி, 2025 பிப்ரவரியில் கல்வியாண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்கு லத்தீன் எடுத்திருந்த பிள்ளைகள் பாதி வழியில் நிற்க நேருமோ என்று பெற்றோர் பதறினார்கள். நல்ல வகுப்பு கிடைப்பது பல இடங்களில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

புத்தகத்தின் புகழை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் நாலாவது மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். உங்களிடம் எந்தப் பகுதி பழுதாகியிருக்கிறதோ அதற்கேற்ற வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் செலவழித்து உங்களையே சோதித்துப் பாருங்கள்.

## முதலில் ஒரு மணி நேரச் சோதனை

வடிவங்கள் (15 நிமிடம்). இந்தப் பத்துச் சொற்களின் வேற்றுமை, எண், காலம், இடம் ஆகியவற்றை எழுதுங்கள்: புவெல்லாரும், செர்வோ, பெல்ல, ரேகிபுஸ், கொர்புஸ், அமாபத், மீஸித், ஔதீரீ, தூக்ஸெரந்த், ஹுங்க். செர்வோவுக்கும் ரேகிபுஸுக்கும் இரண்டு விடை உண்டு, டேட்டிவ் (‘-க்கு’) அல்லது அப்லட்டிவ் (‘-ஆல்’, ‘-இலிருந்து’ போன்றவை). பெல்ல என்பது பன்மை. அதை ஒருமைப் பெண்பால் என்று எழுதியிருந்தால் இரண்டாம் பெயர்த்திரிபின் அஃறிணை வடிவம் உள்ளே போகவில்லை. கொர்புஸை செர்வுஸ் போல ஆண்பால் என்று எழுதினால் மூன்றாம் பெயர்த்திரிபு ஆட்டம் காண்கிறது. மீஸித் எந்த வினையிலிருந்து வந்தது என்றே தெரியாவிட்டால், வினைகளை முழுமையாகக் கற்றுத் தரவில்லை என்று பொருள்.

சொற்கள் (10 நிமிடம்). உங்கள் பாடத்திட்டச் சொற்பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு 50 சொற்களைப் பொறுக்கி எடுங்கள். 35-க்குக் குறைவாகத் தெரிந்தால் இலக்கணத்தைவிடச் சொல்வளம்தான் முதல் தடை.

பத்தி (35 நிமிடம்). ஆறு மாதத்துக்கு முன் ‘முடித்த’ பாடத்திலிருந்து பத்து வரியை அகராதி இல்லாமல் மொழிபெயர்த்து, மூன்று நிறப் பென்சிலால் பிழைகளைக் குறியுங்கள். சொல்லே தெரியாத இடத்துக்கு ஒரு நிறம், சொல் தெரிந்தும் விகுதியைத் தவறாகப் படித்த இடத்துக்கு ஒன்று, எல்லாம் தெரிந்தும் வாக்கியத்தைக் கோக்க முடியாத இடத்துக்கு ஒன்று. எந்த நிறம் அதிகமோ அதுவே உங்கள் நோய். மோசமான வகுப்பிலிருந்து வருபவர்களிடம் மூன்றாம் நிறம்தான் அதிகம் தெரியும் என்பது என் கணிப்பு. அட்டவணையை ஒப்பித்தவர்களுக்கு லத்தீனைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வாய்ப்பு கிடைத்ததே இல்லை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

கெடுதான் முதல் அளவுகோல். எட்டு மாதத்துக்குள் தேர்வு இருந்தால், அந்தத் தேர்வின் சொற்பட்டியலுக்கு வெளியே போகும் எந்தப் புத்தகமும் ஆபத்து.

இரண்டாவது விடைக்குறிப்பு. வகுப்பு இல்லாதபோது உங்கள் பிழையைக் காட்ட வேறு யாரும் இல்லை. விடை இல்லாத பயிற்சியை நூறு முறை செய்தால் அதே தவறு நூறு முறை பழகிப்போகும்.

மூன்றாவது, ஒரு பாடத்துக்கு எவ்வளவு தொடர் வாசிப்பு கிடைக்கிறது என்பது. நான்காவது, இலக்கணம் வரும் வரிசை உங்கள் பள்ளி வரிசையோடு ஒத்துப்போகிறதா என்பது. ஐந்தாவது காசு. அட்டையில் அச்சிட்ட விலையோடு அது முடிவதில்லை. துணைநூல், விடைநூல், பயிற்சிநூல் எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கும்.

## வழி 1: பள்ளிப் புத்தகத்தையே மறுபடி படிப்பது

பிரிட்டனில் இது பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் லத்தீன் கோர்ஸ். 1970-இல் முதன்முதலாக வந்தது. பொம்பேயி நகரத்துக் கைக்கிலியுஸ் குடும்பத்தின் கதையாக நகரும். அக்யூசட்டிவ் (‘-ஐ’) இரண்டாம் பாடத்தில் வரும், இறந்தகால வடிவங்கள் ஆறாம் பாடத்தில், டேட்டிவ் ஒன்பதில். ஜெனிட்டிவ் (‘-உடைய’) வருவது பதினேழாம் பாடத்தில்தான். பாடத்திட்டத்தின் இணையதளத்தில் கதைகளைத் திறந்து, எந்தச் சொல்லைத் தொட்டாலும் பொருள் தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

இதன் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. கதையும் படமும் சுவையாக இருப்பதால் விகுதியைப் பார்க்காமலே பொருளை ஊகித்துவிடலாம். நாயைச் சமையல்காரன் துரத்தினானா, சமையல்காரனை நாய் துரத்தியதா என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். அப்படி ஊகித்தே இரண்டு வருடம் ஓட்டியவர், மறுபடி படிக்கும்போதும் ஊகிக்கத்தான் செய்வார். இதை உடைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கதையிலும் ஐந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து, படத்தை மறைத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் வேற்றுமையையும் அந்த வேற்றுமை ஏன் வந்தது என்பதையும் எழுதுங்கள். ‘செயப்படுபொருள்’, ‘இந்த முன்னிடைச்சொல்லுக்குப் பின் வருவதால்’ என்று காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத வரவில்லையென்றால் அந்த வாக்கியம் உங்களுக்குப் புரியவில்லை என்றே கொள்ளுங்கள்.

ஜிசிஎஸ்இ எழுதுபவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓசிஆர் வாரியத்தின் தேர்வில் மொழித்தாளுக்குப் பாதி மதிப்பெண், மீதிப் பாதி இலக்கியத்துக்கும் பண்பாட்டுக்கும். பாடமாக வைத்த பனுவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்தே அந்த இன்னொரு பாதியில் நிறைய வாங்கிவிடலாம். பல வகுப்புகள் செய்வதும் அதைத்தான். கிடைத்த மதிப்பெண் மொழியின் ஓட்டையை மறைத்துவிடும், அடுத்த கட்டமான ஏ-லெவல் தேர்வில் முன்பின் பார்க்காத பத்தி வரும்போது அது வெளியே வரும். மொழித்தாளுக்கு வேண்டிய சொற்பட்டியலில் ஐந்நூறு சொற்களுக்கும் குறைவுதான். நாளுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

எப்போது இது சிறந்தது: இன்னும் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தால், தேர்வு எட்டு மாதத்துக்குள் இருந்தால். புதுப் புத்தகம் எவ்வளவு நல்லதானாலும் இந்த நேரத்தில் மாறாதீர்கள்.

## வழி 2: வீலாக்

1956-இல் வெளிவந்து இன்றுவரை அமெரிக்கக் கல்லூரிகளில் ஓடிக்கொண்டிருக்கும் பாடநூல். மொத்தம் 40 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் இலக்கண விளக்கம், இருபது இருபத்தைந்து சொற்கள், பயிற்சி வாக்கியங்கள், பழைய ஆசிரியர்களிடமிருந்து எடுத்த வரிகள், ஒரு சிறு பத்தி. மூன்றாம் பெயர்த்திரிபு 7-ஆம் அத்தியாயத்தில் வருகிறது, முற்றுப்பெற்ற இறந்தகாலம் 12-இல், செயப்பாட்டுவினை 18-இல், சப்ஜங்க்டிவ் (விருப்பம், நோக்கம் போன்றவற்றைக் காட்டும் வினைவடிவம்) 28-இல்.

தனியாகப் படிப்பவருக்கு இதன் பெரிய வசதி, நூலின் பின்பகுதியில் இருக்கும் சுயபயிற்சிகளும் அவற்றின் விடைகளும். அத்தியாயத்துக்குள் இருக்கும் முக்கியப் பயிற்சி வாக்கியங்களுக்கோ நூலில் விடை கிடையாது. இது பலருக்கு வாங்கிய பிறகே தெரிகிறது. பின்பகுதிப் பயிற்சிகளை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவற்றைக் கூடுதல் வாசிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மறைசெலவு வாசிப்பின் அளவு. ஒரு அத்தியாயம் முழுக்க முடித்தாலும் தொடர்ச்சியாகப் படித்த லத்தீன் பதினைந்து வரிதான் தேறும். வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, அடர்த்தியானவை. அதனால் ஒவ்வொன்றையும் புதிராக அவிழ்க்கும் பழக்கம் வரும், படிக்கும் வேகம் வராது. அத்தியாய வரிசைப்படி எழுதிய 38 கதைகள் கொண்ட துணைநூல் ஒன்று உண்டு. அதையும் சேர்த்து வாங்கினால்தான் வீலாக் முழுமையாகும்.

மூன்றாவது, வேற்றுமை வரிசை. பிரிட்டிஷ் புத்தகங்களில், 1866-இல் கென்னடி வகுத்த வழக்கப்படி, அக்யூசட்டிவ் நாமினேட்டிவுக்கும் (எழுவாய்) வொகட்டிவுக்கும் (விளி) அடுத்தே வரும். வீலாக்கில் நாமினேட்டிவ், ஜெனிட்டிவ், டேட்டிவ், அதன் பிறகுதான் அக்யூசட்டிவ். பிரிட்டிஷ் வரிசையில் பாடமாக ஒப்பித்தவர் வீலாக்கின் அட்டவணையைப் பார்த்ததும் தடுமாறுவார். தடுமாறாமல் இருக்க, வீலாக்கின் ஒவ்வொரு அட்டவணையையும் உங்கள் பழைய வரிசையில் மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். புதிய வரிசையில் ஒப்பிக்க முயல வேண்டாம்.

எப்போது இது சிறந்தது: சோதனையில் இரண்டாம் நிறம், அதாவது விகுதிப் பிழை அதிகமாக இருந்தால். ‘ஏன்’ என்று தெரியாமல் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாத மனம் உள்ளவருக்கு. ஆங்கில விளக்கத்தைச் சிரமமில்லாமல் படிப்பவருக்கு. வாரம் ஒரு அத்தியாயம் என்றால் 40 வாரம் ஆகும். ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர் முதல் 12 அத்தியாயங்களை நான்கைந்து வாரத்தில் தாண்டிவிடலாம்.

## வழி 3: ஓர்பெர்க்

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய ‘லிங்குவா லத்தீனா’ வரிசையின் முதல் நூல் ‘ஃபமிலியா ரோமானா’. அதில் 35 அத்தியாயங்கள். முழுவதும் லத்தீன், வேறு மொழியில் ஒரு சொல்கூட இல்லை. ரோம் இத்தாலியில் இருக்கிறது என்ற வாக்கியத்தில் தொடங்கி, பத்து வரிக்குள் ஒருமை பன்மையையும் ‘இல்’ என்ற பொருளையும் வரைபடத்தைக் காட்டியே புரியவைத்துவிடுவார். ஓரத்தில் சமக்குறி வந்தால் ஒரே பொருள், இருபக்க அம்பு வந்தால் எதிர்ச்சொல். அத்தியாய முடிவில் இலக்கணம், அதுவும் லத்தீனிலேயே. பிறகு மூன்று பயிற்சிகள்: முதலாவது விகுதி நிரப்புவது, இரண்டாவது சொல் நிரப்புவது, மூன்றாவது கேள்விக்கு லத்தீனில் விடை எழுதுவது.

மோசமான வகுப்பின் காயத்துக்கு நேரான மருந்து இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் கிடைக்காமல் போனது தொடர் வாசிப்பு, ஓர்பெர்க் பக்கம் பக்கமாகத் தருவது அதையே. இணைப்புப் பெயர்ச்சொல் (எவன், எவள், எது என்று தொடர்களைக் கோப்பது) மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும், வீலாக்கில் அதற்குப் பதினேழாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். நெடிலுக்கெல்லாம் மேற்கோடு போட்டிருக்கும்.

ஆனாலும் இதில் கவிழ்பவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் மூன்று இடங்களில்.

ஒன்று, முதல் பத்து அத்தியாயங்கள். ஏற்கெனவே லத்தீன் படித்தவருக்கு அவை எளிதாகத் தெரியும், ஒரு வாரத்தில் ஓட்டிவிடுவார். ஐந்து பெயர்த்திரிபும் வந்து முடியும் 12, 13-ஆம் அத்தியாயங்களிலும், டெபோனென்ட் வினைகளும் (வடிவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை) தனித்து நிற்கும் அப்லட்டிவ் தொடரும் சேர்ந்து வரும் 16-ஆம் அத்தியாயத்திலும் சுவரில் முட்டிக்கொள்வார். புத்தகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் பயிற்சியை, அதாவது விகுதி நிரப்புவதை எழுதாமல் தாண்டியதன் விளைவு அது. ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: அத்தியாயத்தை இரண்டாம் முறை வாய்விட்டுப் படிக்கும்போது மூன்று இடத்துக்கு மேல் நின்றால் அடுத்ததுக்குப் போகக் கூடாது.

இரண்டு, காலங்களின் வரிசை. தொடர் இறந்தகாலம் 19-ஆம் அத்தியாயத்தில், எதிர்காலம் 20-இல், முற்றுப்பெற்ற இறந்தகாலம் 21-இல்தான். பள்ளியோ முதல் வருடத்திலேயே இறந்தகாலத்தைக் கேட்கிறது. வகுப்பில் இருந்துகொண்டே ஓர்பெர்க்கையும் படிப்பவர் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வார்.

மூன்று, செலவு. பயிற்சிநூல் தனி, விடைநூல் தனி, ஆங்கில விளக்கத் துணைநூல் தனி. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. ஃபமிலியா ரோமானாவும் விடைநூலும் கட்டாயம். அடுத்ததாக, முதல் 24 அத்தியாயங்களுக்குக் கூடுதல் உரையாடல் தரும் ‘கொல்லோக்குவியா பெர்சோனாரும்’ வாங்கலாம். எங்காவது தடுமாறினால் விளக்க நூலை நாடாமல் அதே அளவிலான இன்னொரு கதையைப் படிப்பதே இந்த முறைக்கு ஏற்றது.

எப்போது இது சிறந்தது: மூன்றாம் நிறம் அதிகமாக இருந்தால், நெருக்கும் தேர்வு இல்லையென்றால். வாரம் ஐந்தாறு மணி நேரம் என்றால் முதல் 15 அத்தியாயம் ஆறு வாரத்திலும், மீதி இருபதும் வாரம் ஒன்றாகவும் போகும். ஏறத்தாழ ஆறேழு மாதம்.

## வழி 4: காப்புரிமை முடிந்த இலவச நூல்கள்

டூஜ் எழுதிய ‘லத்தீன் ஃபார் பிகினர்ஸ்’ 1911-இல் வந்தது. இணையத்தில் முழுதாகக் கிடைக்கும். சீசரைப் படிக்கத் தயார்செய்வதே அதன் நோக்கம், சொற்களில் போர்க்களம் அதிகம். கடைசிப் பகுதியில் ஹெர்குலிஸ் கதையும் ஒரு ரோமானியச் சிறுவனின் கதையும் இருக்கின்றன, இவை தனி வாசிப்புக்கே பயன்படும். நூறாண்டுக்கு முந்தைய ஆங்கில விளக்கம் சிலருக்கு உறுத்தும்.

ஆலன், கிரீனோ இருவரின் 1903-ஆம் ஆண்டு இலக்கண நூலும் இலவசம். இது பாடநூல் அன்று, சந்தேகம் வரும்போது தேடிப் பார்க்கும் நூல். எந்த வழியைத் தேர்ந்தாலும் இது பக்கத்தில் இருக்கட்டும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க முயன்றால் ஒரு மாதத்தில் லத்தீனையே வெறுத்துவிடுவீர்கள்.

## வழி 5: டியூஷன் ஆசிரியர்

ஆசிரியர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், முதலில் கெட்டுப்போனதும் ஆசிரியரிடம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். தனி வகுப்பிலும் அதே பாணி தொடர்ந்தால் காசு போவதுதான் மிச்சம்.

முதல் சந்திப்பிலேயே தெரிந்துகொள்ளலாம். உங்களுக்குப் பழக்கமில்லாத எட்டு வரியை முன்னால் வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவரே மொழிபெயர்த்துக் காட்டினால் வேண்டாம். உங்களைப் படிக்கவிட்டு, தவறும் இடத்தில் ‘இது என்ன வேற்றுமை, ஏன்?’ என்று கேட்டு நிறுத்துபவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வாரா வாரம் பாடம் நடத்தச் சொல்வது வீண்செலவு. பாடத்தைப் புத்தகம் தரும். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்த மொழிபெயர்ப்பைத் திருத்த மட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். விடைநூலால் செய்ய முடியாத ஒரு வேலை ஆசிரியரால் முடியும்: நீங்கள் லத்தீனில் எழுதிய வாக்கியம் வேறுவிதமாக இருந்தும் சரிதானா என்று சொல்வது. அவருடைய நேரம் அதற்குத்தான்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டுவோலிங்கோவின் லத்தீன் பாடம் 2019-இல் வந்தது, மிகச் சிறியது. பழைய சொற்களைத் தூசிதட்ட உதவும், இலக்கணத்தைக் கற்றுத் தராது. அங்கி (Anki) என்ற செயலியில் சொல் அட்டைகள் போடுவது வேறு விஷயம், அது எல்லா வழிக்கும் தேவை.

## பக்கத்தில் பக்கமாக

| | பள்ளிப் புத்தகம் | வீலாக் | ஓர்பெர்க் | டியூஷன் |
|---|---|---|---|---|
| விடைக்குறிப்பு | பெரும்பாலும் ஆசிரியர் கையில் | பின்பகுதிக்கு மட்டும் நூலிலேயே | தனி நூல் | ஆசிரியரே |
| தொடர் வாசிப்பு | நிறைய, ஆனால் ஊகிக்க இடம் தரும் | குறைவு | மிக அதிகம் | ஆசிரியரைப் பொறுத்தது |
| ‘ஏன்’ விளக்கம் | சிதறிக் கிடக்கும் | தெளிவு | நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் | கேட்டால் கிடைக்கும் |
| முற்றுப்பெற்ற இறந்தகாலம் | 6-ஆம் பாடம் (கேம்பிரிட்ஜ்) | அத். 12 | அத். 21 | — |
| மறைசெலவு | ஊகிக்கும் பழக்கத்தை உடைக்கும் உழைப்பு | கதைத் துணைநூல் | விடைநூல், பயிற்சிநூல் | பழைய பாணியே திரும்ப வரும் அபாயம் |
| எந்தப் பழுதுக்கு | நெருங்கிய தேர்வு | விகுதிப் பிழை | கோக்க முடியாமை | எழுத்துத் திருத்தம் |

## தமிழ் தெரிந்தவருக்கு எங்கே லாபம், எங்கே இல்லை

ஆங்கில வழியில் லத்தீன் படிப்பவர்கள் அதிகம் தொலைப்பது குறில் நெடில் வேறுபாட்டை. அது தமிழருக்குப் பிறவியிலேயே வந்தது. லத்தீனின் ஐந்து உயிர்களும் குறிலும் நெடிலுமாகப் பத்து. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று அப்படியே பொருந்தும், இரண்டு முக்கியக் கூட்டொலிகளும் ஐ, ஔ ஆகிய இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். ‘புவெல்ல’ என்றால் எழுவாய், ‘புவெல்லா’ என்றால் அப்லட்டிவ். மேற்கோட்டைக் கண்டுகொள்ளாத வகுப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். எனவே எந்தப் புத்தகமானாலும் நெடில் குறி போட்டதையே வாங்குங்கள், வாய்விட்டுப் படியுங்கள். மெய்யெழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் ப, த, க ஆளுக்கு இரண்டு ஒலியைச் சுமப்பதால் நோட்டில் ரோமன் எழுத்தையே எழுதுங்கள்.

இரண்டாவது லாபம் வாக்கிய ஓட்டம். ‘செர்வுஸ் புவெல்லை ரொஸம் தத்’ என்பதை ‘அடிமை சிறுமிக்கு ரோஜாவைத் தருகிறான்’ என்று இருந்த வரிசையிலேயே சொல்லிவிடலாம். ஆங்கில வகுப்பில் ‘முதலில் வினையைத் தேடு’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் கண் வாக்கியத்தின் கடைசிக்கும் முதலுக்கும் தாவித் தாவிப் பழகியிருக்கும். அதை விட்டுவிடுங்கள். தேர்வுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும், புரிந்துகொள்ளும்போது மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். அப்லட்டிவ் ஏன் இத்தனை பொருள் தருகிறது என்ற குழப்பமும் குறையும். நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் செய்யும் வேலையின் பெரும்பகுதியை அது ஒன்றே செய்கிறது.

லாபம் இல்லாத இடங்களும் உண்டு. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் இருக்கும், பெயரடை அதற்கேற்ப மாறும். மேசை பெண்பால் என்பதற்கு நம் மொழியில் எந்தத் துணையும் கிடைக்காது. நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அங்கே இணைப்புப் பெயர்ச்சொல் செய்யும், அதுவும் பெயருக்குப் பின்னால் வரும். சப்ஜங்க்டிவுக்கு நேர் வடிவம் தமிழில் கிடையாது. இந்த மூன்றுக்கும் எந்த வழியில் படித்தாலும் இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.

## எந்த வழியானாலும் தவறும் இடங்கள்

மோசமான வகுப்பு விட்டுச்செல்லும் சேதத்தில் மிகப் பெரியது சொற்களை அரைகுறையாகக் கற்பது. ‘மித்தோ என்றால் அனுப்பு’ என்று மட்டும் படித்தவருக்கு ‘மீஸித்’ வந்தால் அடையாளம் தெரியாது, ஏனென்றால் இறந்தகால அடிச்சொல்லை நிகழ்காலத்திலிருந்து ஊகிக்க முடிவதில்லை. அட்டையில் வினைக்கு நான்கு வடிவமும் இருக்க வேண்டும்: மித்தோ, மித்தெரெ, மீஸீ, மிஸ்ஸும். பெயருக்கு எழுவாய், ஜெனிட்டிவ், பால் மூன்றும் வேண்டும்: ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால். ஜெனிட்டிவ் இல்லாமல் அது எந்தப் பெயர்த்திரிபு, அடிச்சொல் எது என்று தெரியாது. பழைய அட்டைகள் அரைகுறையாக இருந்தால் திருத்திக்கொண்டிருக்காமல் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் புதிய அட்டைகளுக்கு மேல் வேண்டாம். மறுபார்வைக்கு வருபவை மூன்றாம் வாரத்தில் குவிந்து மூச்சுத் திணறவைக்கும்.

இரண்டு முதன்மைப் பாடநூல்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது அடுத்த தவறு. சொல் வரிசையும் இலக்கண வரிசையும் வேறு வேறாதலால் இரண்டிலும் பாதியில் நிற்பீர்கள். ஒன்று முதுகெலும்பு, மற்றது தேடிப் பார்க்க மட்டும். ஓர்பெர்க் படிப்பவர் புரியாத இலக்கணத்தை வீலாக்கில் தேடிப் படிக்கலாம், பயிற்சியை அங்கே செய்ய வேண்டாம்.

விட்டேக்கரின் ‘வேர்ட்ஸ்’ நிரலும், பெர்சியஸ் தளத்தின் சொற்பகுப்பும் ஒரு வடிவத்துக்குச் சாத்தியமான எல்லா விளக்கத்தையும் வரிசையாகத் தந்துவிடும். முதலில் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள், பிறகு தட்டிப் பாருங்கள். வரிசை மாறினால் பழைய வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரம் ஐந்து நாள் 45 நிமிட வாசிப்பும் எழுத்தும், ஏழு நாளும் 15 நிமிடம் அட்டையும் என்றால் வாரம் ஐந்தரை மணி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்பது லத்தீனில் பலிக்காது, விகுதிகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால்தான் ஒட்டும். திருத்தும்போது ஒரே வகைப் பிழை மூன்று முறை வந்தால், அன்றைக்குப் புதுப் பாடம் வேண்டாம். அந்த அட்டவணையிலிருந்து பத்து வடிவங்களை நீங்களே உருவாக்கி எழுதுங்கள்.

## யாருக்கு எது

எட்டு மாதத்துக்குள் தேர்வு எழுதப்போகும் பள்ளி மாணவர் பள்ளிப் புத்தகத்தோடும் தேர்வுச் சொற்பட்டியலோடும் இருக்கட்டும், முடிந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருத்த ஒருவர். பத்திகளைக் கோக்க முடியாமல் தவிப்பவர் தேர்வு முடிந்த மறுநாள் ஓர்பெர்க்கைத் திறக்கலாம்.

கல்லூரியில் லத்தீன் தொடரப்போகிறவர், கல்லூரி எந்த நூலைப் பயன்படுத்துகிறது என்று முதலில் விசாரியுங்கள். வீலாக் என்றால் விடுமுறையில் முதல் 15 அத்தியாயங்களை முடித்துவிட்டுப் போவது பெரிய நிம்மதி.

குருமடத்தில் படிப்பவர்கள், வழிபாட்டு லத்தீன் மட்டுமே தேவைப்படுபவர்கள் காலின்ஸின் திருச்சபை லத்தீன் பாடநூலைப் பார்க்கலாம். 35 அலகுகள், விடைநூல் தனியாகக் கிடைக்கிறது. அங்கே உச்சரிப்பு வேறு. பாடநூல்களில் கிக்கெரோ என்று ஒலிக்கும் ரோமானியப் பேச்சாளர் திருச்சபையில் சிச்செரோ ஆகிவிடுவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

தமிழ் இலக்கண வரலாற்றுக்காக லத்தீன் படிப்பவர்களும் இருக்கிறார்கள். சீகன்பால்க் 1716-இல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணமும், 1738-இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீனில் எழுதப்பட்டவை. இவர்களுக்கு ஓர்பெர்க்கையே பரிந்துரைப்பேன், அதன் கடைசி அத்தியாயத்துக்காகவே. 35-ஆம் அத்தியாயம் முழுக்க லத்தீன் இலக்கணக் கலைச்சொற்களை லத்தீனிலேயே, கேள்வி பதிலாக விளக்குவது. அந்தப் பழைய இலக்கண நூல்களைத் திறந்ததும் எதிர்ப்படுவதும் அதே கலைச்சொற்கள்தான்.

பாடநூலை எப்போது கீழே வைக்கலாம்? ரிட்சியின் ‘ஃபாபுலை ஃபகிலேஸ்’ என்ற எளிய கதைத் தொகுப்பில் பெர்சியுஸ் கதையைத் திறந்து ஒரு பக்கம் படியுங்கள். அகராதியை ஐந்து முறைக்குக் குறைவாகத் தொட்டு முடித்தால் பாடநூல் போதும். அந்தத் தொகுப்பை முடித்துவிட்டு எவுட்ரோபியுஸின் சுருக்கமான ரோம வரலாறு, அதற்குப் பிறகு சீசர் என்று போகலாம். பத்து முறைக்கு மேல் தொட வேண்டியிருந்தால், ஓர்பெர்க்கின் 20-ஆம் அத்தியாயத்துக்கோ வீலாக்கின் 24-ஆம் அத்தியாயத்துக்கோ திரும்பி அங்கிருந்து இன்னொரு சுற்று வாருங்கள். இரண்டாம் சுற்று முதல் சுற்றின் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.